ஒரே முகூர்த்தம், இரண்டு கூரைப்புடவை

"உனுக்கு கீறது ரெண்டு கை. ஊருக்கெல்லாம் முகூர்த்தம் ஒரே நேரம். இத்த வச்சிக்கினு இன்னா தொழில் பண்ணப் போற?"

மந்தைவெளியில் நான் கடை திறந்த அன்று மாமா கேட்டது இது. அம்மாவின் தம்பி, ஆட்டோ ஓட்டுகிறார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.காம். முடித்ததும் வங்கி வேலைக்குப் போவேன் என்று கோட்டூர்புரத்தில் எங்கள் குடியிருப்பே எதிர்பார்த்தது. நானோ புடவை மடித்துக் கொடுக்கவும், மணப்பெண்களுக்குக் கட்டிவிடவும் கடை போட்டேன். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் மாமா கேட்டதும் நியாயம்தான். மேடையில் கூரைப்புடவையை ஆசீர்வதித்துப் பெண்ணிடம் கொடுப்பார்கள். அவள் அறைக்கு வந்து அதை உடுத்திக்கொண்டு தாலி கட்டும் நேரத்துக்குள் மணையில் உட்கார வேண்டும். நாதஸ்வரக்காரர் அறை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். நல்ல நாளில் அந்த நிமிடங்கள் எல்லா மண்டபத்திலும் ஒன்றாகவே வரும்.

கடையில் என்னோடு ஓர் அக்கா வேலை செய்கிறார். கடலோர மீனவர் ஊரான ஊரூர் குப்பத்துக்காரர். தொழிலை என்னிடம்தான் கற்றார், நன்றாகவே கற்றார். ஆனாலும் அவர் கட்டி முடித்த ஒவ்வொரு புடவையிலும் தோள் ஊக்கை நான் கழற்றி மறுபடி குத்துவேன்.

"நான் குத்துனத புடுங்கிக் குத்தலன்னா உனுக்கு சோறு எறங்காதே" என்பார்.

ஆவணியில் தி. நகர் கல்யாணம் ஒன்றை ஒப்புக்கொண்டிருந்தேன். அதே முகூர்த்தத்துக்கு மயிலாப்பூரிலிருந்தும் அழைப்பு வந்தது. நான் முதன்முதலில் கட்டிவிட்ட மணப்பெண்தான் பேசினார். இப்போது தங்கைக்குக் கல்யாணமாம். முடியாது என்று சொல்ல வாயெடுத்தபோது அக்கா குறுக்கே கையை ஆட்டினார்.

"வேணாம்னு சொல்லாத. நான் போறேன்."

"அவுந்துட்டா இன்னாக்கா பண்றது?"

"அவுந்தா மறுநாளே மீன் விக்கப் பூட்றேன். போதுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சபை நடுவே மடிப்பு கலைந்தால் கெடுவது கடையின் பெயர். அதுவும் என்னை முதலில் நம்பிய குடும்பத்திடம். கடைசியில் ஒரு நிபந்தனையோடு அனுப்பினேன்: கட்டும்போது வீடியோ காலில் எனக்குக் காட்ட வேண்டும்.

அன்று தி. நகர் மண்டபத்தில் என் எதிரே மணப்பெண்; கண்ணாடியில் சாய்த்து வைத்த போனில் மயிலாப்பூர். விரல் இங்கே கொசுவம் பிடித்தது, கண் அங்கேயே இருந்தது.

"தோள்ல இன்னும் கொஞ்சம் ஏத்துக்கா."

அக்கா போனைத் திரும்பிப் பார்த்தார். "நீ உன் பொண்ணப் பாரு. என் பொண்ண நான் பாத்துக்கறேன்." அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

என் எதிரே நின்ற பெண் சிரித்தாள். "கரெக்ட்டுதானேக்கா? என்னைப் பாருங்க."

பார்த்தேன். அதற்குமேல் எனக்கு வேறு வழியும் இல்லை. அந்தப் புடவையைக் கட்டியதுபோல் நிதானமாக அதற்குமுன் எதையும் கட்டியதில்லை.

தாலி ஏறியதும் வெளியே ஓடினேன். மாமா ஆட்டோவோடு நின்றிருந்தார். "இன்னா, ரெண்டு கையும் ரெண்டு எடத்துல கீதா?" என்று கிண்டலடித்தபடியே மயிலாப்பூருக்கு விரட்டினார்.

அங்கே மேடையில் மணமக்களோடு உறவினர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மடிப்பு ஒன்றுகூடக் கலையவில்லை. தோள் ஊக்கு மட்டும் நான் குத்துகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால் இருந்தது. மேடைப் படியில் கால் வைத்துவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துப் பந்திப் பக்கம் இழுத்தார்.

"வா, துன்னலாம். பொண்ணோட அக்கா அப்பவே கூப்டுச்சு."

எத்தனையோ கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேன்; பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வேலைக்கு ஓடியதைத் தவிர, எதிலும் இலை முன் உட்கார்ந்ததில்லை. அன்று பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். பக்கத்து இலையில் அக்கா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். நன்றி என்று சொன்னால் கிண்டல் செய்வார் என்பதால், என் இலையிலிருந்த வடையை அவர் இலையில் வைத்தேன்.

வரும் தையில் மாமா மகளுக்குக் கல்யாணம். "நீதானே கட்டி வுடுவ?" என்று மாமா கேட்டார்.

"அக்கா கட்டுவாங்க மாமா. நான் சொந்தக்காரியா வரேன்."

அன்று உடுத்த எனக்கு ஒரு பட்டுப்புடவையும் எடுத்தாயிற்று. மடிப்பதற்கு அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.