கூடுதலாக ஒரு நட்சத்திரம்

எழுத்தாளன் ஆகவேண்டும் என்ற ஆசையை நான் எப்படித் தீர்த்துக்கொண்டேன் என்பதை வெளியில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பத்திரிகைகள் என் கதைகளைத் திருப்பி அனுப்பிய காலம் போய், திருப்பி அனுப்பக்கூட மறந்துபோன காலம் வந்தபோது, நான் கணினி நிரல்களுக்குள் எழுத ஆரம்பித்தேன். பிழைப்புக்கு நிரல் எழுதுகிறவன் நான். ‘இந்தப் பகுதி இதைச் செய்கிறது’ என்று பிறகு வருகிறவர்களுக்காக நிரலின் நடுவே குறிப்பு எழுதி வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். கணினி அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். பிறகு வருகிறவர்களும் தாண்டிப் போய்விடுவார்கள். யாரும் படிக்காததால் விமர்சனமும் கிடையாது. ஒரு எழுத்தாளனுக்கு இதைவிட நிம்மதியான இடம் ஏது?

நான் சொல்ல வந்தது இரண்டு வருஷத்துக்கு முன், பள்ளிகள் திறந்த ஜூன் மாதத்தில் நடந்தது. திருவண்ணாமலையில், வேங்கிக்காலில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். ‘எங்கள்’ என்பது மரியாதைப் பன்மை. நான் ஒருவன்தான். மின்விசிறியையும் சேர்த்தால் இருவர்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியின் வேன்களுக்கு நான் ஒரு செயலி செய்து கொடுத்திருந்தேன். வேனில் தொடுதிரையுள்ள டேப் ஒன்று இருக்கும். பிள்ளை ஏறியதும் வேன் ஆயா அதன் பெயரைத் தொட வேண்டும், பெயர் பச்சையாகும். இறங்கியதும் மறுபடி தொட வேண்டும், சாம்பலாகும். எல்லோரும் இறங்கிய பிறகு டிரைவர் ‘பயணம் முடிந்தது’ என்பதை அழுத்துவார். அப்போது ஏதாவது ஒரு பெயர் பச்சையாக இருந்தால் டேப் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தும். நல்ல செயலிதான். என்னை அதிலிருந்து விலக்கி வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மே மாதக் கடைசியில் பள்ளித் தாளாளர் அம்மா கூப்பிட்டார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் செயலியைப் பற்றிய முழு ஆவணமும் புத்தகமாக வேண்டும் என்றார். இரண்டு நாள் அவகாசம்.

நிரலுக்குள் இருக்கும் குறிப்புகளைத் திரட்டி, பொருளடக்கமெல்லாம் போட்டு, தானே புத்தகமாக்கித் தருகிற கருவி ஒன்று உண்டு. குறிப்பில் சில கட்டளைகளை எழுதி வைத்தால் போதும். @brief என்றால் அடுத்து வருவது சுருக்கம். @warning என்றால் எச்சரிக்கை, கட்டம் கட்டி எடுப்பாகப் போடும். @todo என்றால் ‘இனிமேல் செய்ய வேண்டியது’. எங்கெங்கோ சிதறிக் கிடக்கிற அத்தனை டுடூக்களையும் பொறுக்கிக்கொண்டு வந்து, கடைசிப் பக்கத்தில் ஒரே பட்டியலாக அடுக்கிவிடும். சோம்பேறிகளுக்கு இதைவிடக் கொடுமையான கட்டளை கிடையாது. ஒரு விதி முக்கியம். சாய்கோட்டுக்குப் பிறகு இரண்டு நட்சத்திரக் குறி போட்டுத் தொடங்கும் குறிப்பைத்தான் கருவி எடுத்துக்கொள்ளும். ஒரு நட்சத்திரம் என்றால் அது வீட்டு விஷயம். எட்டிப் பார்க்காது.

இந்த விஷயத்தில் நான் ஒழுங்கானவன். ஊருக்கு இரண்டு நட்சத்திரம், எனக்கு ஒன்று. என் இலக்கியம் முழுக்க ஒற்றை நட்சத்திரத்தில் இருந்தது. ஆகவே கருவியை ஓட்டியபோது புத்தகம் பதினோரு பக்கம் வந்தது. தாளாளர் அம்மா கனத்தை வைத்துத் தரம் பார்க்கிறவர். பதினோரு பக்கத்தை நீட்டினால் ஒப்பந்தமும் அதே கனத்தில்தான் இருக்கும். ஒற்றை நட்சத்திரம் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் இரட்டையாக மாற்றினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது. யார் படிக்கப் போகிறார்கள் என்று புரட்டிக்கூடப் பார்க்காமல், கீழே ஜெராக்ஸ் கடையிலேயே ஸ்பைரல் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையாட்டினார்.

அவர் படிக்கவில்லை. வேன் விஷயம் வேனிலேயே இருக்கட்டும் என்று வேனுக்கு அனுப்பிவிட்டார். அங்கேதான் கணக்குத் தப்பியது. பள்ளி வேன் காலை ஒன்பதரையிலிருந்து மதியம் மூன்றரை வரை வேப்பமர நிழலில் சும்மா நிற்கும். அதில் ஆயாவும் சும்மா உட்கார்ந்திருப்பார்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவர் என் மாடிக்கு வந்தார். ஆயா என்பது பதவியின் பெயர்தான், வயது முப்பத்தைந்துகூட இருக்காது. தமிழ் இலக்கியம் படித்துவிட்டு பி.எட்டும் முடித்து, வேலை கிடைக்கிற வரைக்கும் என்று வேனில் ஏறி நான்கு வருஷம் ஆகிறதாம். கையில் என் புத்தகம். அடையாளத்துக்குப் பஸ் டிக்கெட்டுகள் செருகியிருந்தன. நிறையவே செருகியிருந்தன.

“சார், நூத்தி நாப்பத்தி ஒண்ணாம் பக்கம் நீங்க எழுதுனதுதானே?”

வாங்கிப் பார்த்தேன். என் நடைதான். ‘கீழ்பென்னாத்தூர் வேன் அம்மாவின் விரலுக்கு ஒரு தடவை தொட்டால் திருப்தி வராது. கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை சாம்பார் கேட்பவரைப்போல மறுபடி தொடுகிறார். இறங்கிய மூன்று நிமிடத்துக்குள் வரும் இரண்டாவது தொடுதலைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.’ அதற்குக் கீழே நிரலும் அப்படியே செய்தது. இறங்கிய பிள்ளையின் பெயரை அவர் மறுபடி தொட்டால் திரையில் பச்சையாகும். ஆனால் உள்ளே பதிவில் சாம்பலாகவே இருக்கும். கத்தும் வேலை பதிவைப் பார்த்துத்தான் நடக்கும். தொடுகிறவர் மனம் கோணாமல் இருக்கட்டும் என்று திரையில் மட்டும் நிறம் மாறுகிற ஏற்பாட்டை நானே யோசித்துச் செய்திருந்தேன். அதற்காக அன்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை.

“கோவமா வரலை சார். சாம்பார் உவமை பொருத்தமாத்தான் இருக்குது. கடைசிப் பக்கத்துல, நான் ஏன் ரெண்டு தடவை தொடுறேன்னு என்கிட்டயே கேக்கணும்னு எழுதியிருந்தீங்க. பதினோரு மாசமா எழுதி வச்சிருக்கீங்க. நீங்க வந்து கேக்குறா மாதிரி தெரியலை. நானே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். நாற்பது டுடூக்களின் வரிசையில் பதினேழாவது, முந்தைய ஜூலை மாதத் தேதியோடு. பக்கத்தில் பென்சிலால் சிறிதாக ஒரு டிக்.

அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். பள்ளி வாசலில் வேன் நின்றால் பிள்ளைகள் சரிந்து இறங்குவார்கள், பின்னால் அடுத்த வேன் ஹாரன் அடிக்கும். ஒவ்வொரு பெயராகத் தேடித் தொட நேரம் கிடையாது. முதலில் எல்லாப் பெயரையும் வரிசையாகத் தொட்டுவிடுவார். பிறகு கடைசி இருக்கைவரை போய், கீழே குனிந்து பார்ப்பார். எல்கேஜி பையன் ஒருவன் வாரத்தில் மூன்று நாளாவது இருக்கைக்கு அடியில் தூங்கிப்போவான். அப்படி யாராவது இருந்தால் அந்தப் பெயரை மட்டும் மறுபடி தொட்டுப் பச்சையாக்குவார். எழுப்பி இறக்குவதற்குள் வேறு யாராவது கூப்பிட்டு அவரே மறந்து போனாலும், வேன் கத்தும் அல்லவா? நான் வைத்த பாதுகாப்பை நான் நினைத்ததைவிட நன்றாகப் பயன்படுத்தியவர் அவர். அதைத்தான் நான் வெறும் கைப்பழக்கம் என்று முடிவு கட்டி, டேப்பின் வாயை அடைத்திருக்கிறேன்.

“மார்ச் மாசம் மேடம் உங்களுக்கு போன் பண்ணாங்களே, ஞாபகம் இருக்குதா சார்?”

இருந்தது. குறிப்பிட்ட ஒரு நாள் காலையில் ஒரு பெயர் மறுபடி பச்சையானதாகப் பதிவு இருக்கிறதா என்று தாளாளர் அம்மா கேட்டார். பார்த்தேன். இல்லை என்றேன். வேன்ல போன பொண்ணு தொட்டேன்னு சொல்லுதே என்றார். ‘மெஷின் பொய் சொல்லாதுங்க மேடம்’ என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு வைத்தேன். எதற்காகக் கேட்கிறார் என்று நானும் கேட்கவில்லை. என் கேள்விகள் எல்லாம் டுடூவில்தான் இருந்தன.

அன்று இந்த ஆயா ஏதோ தேர்வு எழுதப் போயிருந்தார். தனக்குப் பதிலாகத் தன் தெருக்காரப் பெண் ஒருவரை வேனுக்கு அனுப்பி, எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்தப் பெண்ணும் சொன்னபடியே குனிந்து பார்த்து, தூங்குகிற பையனின் பெயரை மறுபடி தொட்டிருக்கிறார். அதற்குள் வாசலில் அழுத ஒரு குழந்தையை வகுப்பில் விடச் சொல்லி யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். வேன் கத்தும் என்ற நம்பிக்கையில் போயிருக்கிறார். டிரைவர் ‘பயணம் முடிந்தது’ என்பதை அழுத்தியபோது டேப் வாய் திறக்கவில்லை. வேனைப் பூட்டிவிட்டுப் போனவர், தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். அந்த பாட்டிலுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பையன் வியர்த்துப்போய் எழுந்து உட்கார்ந்து, பெல் அடித்துவிட்டதா என்று கேட்டானாம்.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண்ணுக்குத்தான் ஆனது. தொட்டேன் என்று அவர் சொன்னார், இல்லை என்று பதிவு சொன்னது, பொய் சொல்லாது என்று நான் சொன்னேன். கவனக்குறைவு, அதற்குமேல் பொய் வேறு என்று இனி வேனுக்கே வரக்கூடாது என அனுப்பிவிட்டார்கள். இப்போது நிலக்கடலை மில்லில் மல்லாட்டை உடைக்கிறாராம். தெருவில் இவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். அவர் தொட்டிருப்பார் என்று இவருக்கு நிச்சயமாகத் தெரியும். அப்புறம் வேன் ஏன் கத்தவில்லை? புத்தகம் கைக்கு வந்ததும், எங்கேயாவது எழுதியிருக்குமா என்றுதான் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாராம்.

இதை நேராக மேடத்திடம் காட்டியிருக்கலாமே என்றேன்.

“காட்டுனேன் சார். அதெல்லாம் கம்ப்யூட்டர் விஷயம், உனக்குப் புரியாதுன்னுட்டாங்க. நீங்க வந்து சொன்னா கேப்பாங்க. மெஷினுக்காகப் பேசுறவரு நீங்கதானே.”

அவர் போன பிறகு நிரலைத் திருத்தப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்கே எல்லா வேனுக்கும் அனுப்பிவிட்டேன். அதோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு நானே எடுத்துச் சொன்னேன். பிள்ளைகள் பத்திரம். பிழை போயாயிற்று. என் வருமானத்தில் பாதி அந்தப் பள்ளியிலிருந்து வருகிறது. ஒற்றை நட்சத்திரம் போட்டு ஒரு மன்னிப்பை எழுதி வைத்துவிட்டால் மனசாட்சிக்கும் ஆயிற்று. வாதங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் சாயங்காலம் டீக்கடையில் யாரோ ஒருவர் மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் வீடுவரை கூடவே வந்தது.

திங்கட்கிழமை காலை தாளாளர் அம்மாவின் எதிரில் உட்கார்ந்தேன். வேனிலிருந்து புத்தகத்தை வரவழைத்து, நூற்று நாற்பத்தொன்றாம் பக்கத்தைக் காட்டினேன். நிதானமாகப் படித்தார்.

“அப்போ அந்தப் பொண்ணு தொட்டிருக்குது.”

“தொட்டிருக்காங்க மேடம்.”

“நீங்க இல்லைன்னீங்களே.”

“பதிவுல இல்லைன்னு சொன்னேன். பதிவு பண்ணாதேன்னு சொல்லி வச்சதே நான்தான். அது ஞாபகம் இல்லாம சொல்லிட்டேன். மெஷின் பொய் சொல்லலை மேடம். நான் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லுச்சு.”

அவர் பக்கத்தைப் புரட்டினார். என் கிரகம், முப்பத்தேழாம் பக்கத்தில் போய் நின்றார். ‘மேடத்துக்குப் பிடிக்கவில்லை என்று தலைப்பின் நிறம் மூன்று முறை மாற்றப்பட்டது. இப்போது இருப்பது, முதலில் இருந்த அதே நீலம். மிகவும் பிடித்திருக்கிறது என்றார்.’ அதையும் நிதானமாகப் படித்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுப் போனை எடுத்தார். அந்தப் பெண்ணுக்குத்தான். மன்னிப்பு என்ற சொல் அதில் வரவில்லை. ஆனால், “நீ சொன்னது நெஜம்தான்மா, தப்பு எங்க பக்கம்” என்று வந்தது. பக்கத்து அறையில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். அடுத்த வாரம் அந்தப் பெண் இன்னொரு வேனில் நிரந்தரமாகச் சேர்ந்தார்.

என் ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குப் பதில் ஆறு மாதத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. தலைப்பைப் பச்சையாக மாற்றச் சொல்லிவிட்டார்.

அந்தக் குறிப்பை இரண்டு நட்சத்திரத்தோடு திருப்பி எழுதினேன். @warning போட்டு, ‘இரண்டாவது தொடுதல் என்றால் ஒரு பிள்ளை இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள்’ என்று ஒரே வரி. உவமை கிடையாது. நான் எழுதியதிலேயே உருப்படியான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். யாரையாவது ‘கேட்க வேண்டும்’ என்று டுடூ எழுதக் கை போனால், இப்போதெல்லாம் கீபோர்டை விட்டுவிட்டுப் போனை எடுத்துவிடுகிறேன்.

புது ஆவணத்தைக் கொடுத்துவிட்டுப் பழையதை வேன் ஆயாவிடமிருந்து வாங்கி வந்தேன். புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. விட்டுப்போன க், ச், த், ப் எல்லாம் பொறுமையாகச் செருகப்பட்டிருந்தன. என் படைப்புகளை ஒரு வரி விடாமல் படித்த ஒரே வாசகர். அடுத்த முறை பார்த்தபோது, வெட்கத்தை விட்டு, எழுத்து எப்படி இருந்தது என்று கேட்டேவிட்டேன்.

“ஒற்றுப்பிழை ஜாஸ்தி சார்.”

இருந்தாலும் கடைசிவரை படிச்சீங்களே என்றேன்.

“வேன்ல வேற புக்கு இல்லையே சார்” என்றார்.