பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லை

எங்கள் வீட்டில் ஐந்து மாதம் என்னைத் தைரியசாலி என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பேச்சு எழுந்ததில்லை. அந்த ஐந்து மாதப் புகழுக்கும் காரணம் நான் ஒரு மேட்டிலிருந்து பயந்து ஓடி வந்ததுதான்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. டென்மார்க்கில், பிரெடெரிசியா என்ற ஊரில் இருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டு எங்கள் வீட்டு மேலறையில் இருந்தார். இலங்கையில் சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் ஊருக்குப் போய்க் கலியாணம் முடித்துவிட்டு வந்தவர். மாமியைக் கூப்பிடும் பத்திரங்கள் இங்கே மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தபோதே அங்கே பாதை பூட்டிச் சண்டை மூண்டு, மாமி வன்னிக்குள் அகப்பட்டுவிட்டார். அதற்கு முன்பெல்லாம் மாமா தொலைபேசிக் கார்ட்டுகளைச் சுரண்டிச் சுரண்டி அங்கே கதைப்பார். ஒரு சொல் சொல்லிவிட்டு நிறுத்துவார், பிறகு அடுத்த சொல். சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும்போது, பாடமாக்க முடியாத பிள்ளை வாசிப்பதுபோல இருக்கும்.

போர் முடியப்போகிற அந்த மே மாதம் எல்லாரும் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தியிருந்தார்கள். இல்லையென்றால் ரயிலேறிக் கோப்பன்ஹேகனுக்குப் போய்ப் பதாகை பிடித்தார்கள். மாமா சைக்கிள் ஓடினார்.

வளைந்த கைப்பிடி, விரல் தடிப்பு டயர், தோலோடு ஒட்டிய கறுப்புக் காற்சட்டை. ஞாயிறு விடிந்தால் வைலெ நகரப் பக்கத்து ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குப் போய்விடுவார். டென்மார்க் தட்டை நாடு என்று சொல்கிறவர்கள் அந்தப் பக்கம் மிதித்துப் பார்க்காதவர்கள். ஆற்றங்கரையில் மாடு மேய்கிறதே என்று நிம்மதியாகப் போனால், அடுத்த வளைவில் சாலை சுவர்போல எழும்பி நிற்கும்.

"பெண்சாதி அங்க பங்கருக்குள்ள, இவர் இஞ்ச பந்தயத்துக்குப் பழகிறார்" என்று வீட்டுக்கு வந்த ஒரு அன்ரி எனக்குக் கேட்கவே சொன்னா. அம்மா அவவுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. மாமாவிடம் மட்டும், "தம்பி, சனம் வந்திருக்கு. அந்தக் காற்சட்டையை மாத்திப்போட்டு எண்டாலும் கீழ வாவன்" என்றா.

ஞாயிறுகளில் நானும் கூடப் போவேன். என் பொறுப்பு மாமாவின் போனைச் சுமப்பது. "பாரமாக் கிடக்குது மருமோன், நீ வைச்சிரு" என்பார். அந்தப் போன் தேத்தண்ணியோடு தின்னும் ஒரு பணிசின் பாரம்கூட இல்லை. பந்தயக்காரர் கிராம் கணக்குப் பார்ப்பார்கள் என்று நானே விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். மேட்டு உச்சிகளில் மாமா ஒருபோதும் நிற்கமாட்டார். இளைக்க இளைக்க மறுபக்கம் இறங்கிவிடுவார். இறங்க இறங்கப் போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாய்ச் சாகும். ஆற்றடிக்கு வந்ததும் கேட்பார்:

"சிக்னல் இருக்கோ?"

"இல்லை மாமா."

"சரி, பாணை எடு, சாப்பிடுவம்."

அங்கேதான் அவர் கால் நீட்டி இருந்து சாப்பிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தாக்கு முழுவதும் பனிப்புகார் கிடந்தது. பத்து மணிப் புகார் என்றால் வெயில் வந்ததும் ஓடிவிட வேண்டும். இது ஓடவில்லை. ஆறு ஓடுவது கேட்டது, ஆற்றைக் காணவில்லை. மாடுகள் மூச்சு விடுவது கேட்டது, மாடுகளைக் காணவில்லை. பாலத்தடியில் மாமாவின் பின் டயர் உஸ்ஸென்று காற்றுப் போனது. அவர் சில்லைக் கழற்றக் குந்தினார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் யோசனை வந்த நாட்கள் எல்லாமே இப்படித்தான் முடிந்திருக்கின்றன.

"மாமா, நான் முந்தி ஏறுறன். நீங்கள் பிறகு என்னைப் பிடியுங்கோ."

"போ, போ. உச்சியில நில்லு. அங்கால இறங்கிப்போடாதை."

அவர் டியூப்பில்தான் கண்ணாயிருந்தார். போனை நினைக்கவில்லை.

பாதி மேடு மிதித்தேன், பாதி மேடு தள்ளினேன். உச்சியில் ஒரு வெள்ளைத் தேவாலயம். அதன் கோபுரத்தைப் புகார் பாதியில் வெட்டியிருந்தது. அதைச் சுற்றி ஓர் இடுப்பளவு மதில், மதிலுக்குள் கல்லறைகள், ஒவ்வொன்றையும் சுற்றிச் சின்னச் சின்ன வேலி. ஆள் ஒருவரும் இல்லை. ஆனால் ஒரு கல்லறையடியில் தண்ணீர்ப் பூவாளி ஒன்று வைத்திருந்தது, அதன் வாயிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நான் டெனிஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவன், பேய்க்கெல்லாம் பயப்படமாட்டேன் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். சத்தமாகச் சொன்னேனாக்கும்.

அப்போது என் முதுகுப் பையில் போன் அடித்தது.

இலக்கம் தெரியவில்லை. எடுத்தேன்.

"அலோ?"

காற்றா கடலா என்று தெரியாத ஓர் இரைச்சல். பிறகு, மிகத் தூரத்திலிருந்து, மெல்லிய பெண் குரல் ஒன்று:

"அலோ?"

"ஆர்?"

இரைச்சல். "ஆர்?"

"மாமா கீழ நிக்கிறார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்தக் குரல் யோசித்தது. யோசித்துவிட்டு, நான் சொன்ன அதே இழுவையில் சொன்னது: "மாமா கீழ நிக்கிறார்."

சைக்கிளில் எப்படி ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. பிரேக் என்று ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டிருப்பதும் அந்த நேரத்தில் தெரியவில்லை. காற்சட்டைப் பைக்குள் திணித்த போன் தொடையில் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. "அம்மா" என்று கத்தினேன். பைக்குள்ளிருந்து அதுவும் "அம்மா" என்றது. கடைசி வளைவில் சிக்னல் செத்தது, முணுமுணுப்பு நின்றது, நான் சாலையை விட்டு வேலியோரத்துப் புதருக்குள் போனேன். உடம்பெல்லாம் சுணைத்து அரித்தது. நிமிர்ந்து பார்த்தால் முகத்துக்கு நேரே ஒரு பெரிய வெள்ளை முகம் ஊதியது. மாடு. அந்த மாட்டிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், தமிழில்.

"என்னடா மருமோன், பேயைக் கண்டனியோ?" மாமா காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"காணேல்லை. கதைச்சனான்."

பம்ப் நின்றது.

"ஆரோட?"

"போன் வந்தது மாமா."

"ஆம்பிளையோ பொம்பிளையோ?"

"பொம்பிளை. நான் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னது."

மாமா பம்பைப் புல்லில் வைத்தார். புகாருக்குள் ஆறு போய்க்கொண்டிருந்தது.

"திருப்பிச் சொன்னதோ?"

"ஓம்."

"பிறகு வேற ஒருத்தரும் கதைக்கேல்லையோ?"

"தெரியாது. நான் ஓடி வந்திட்டன்."

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் போனை வாங்கி, பார்க்காமலே அணைத்து, சட்டைக்குள் போட்டுக்கொண்டார். "நல்லது" என்றார். பிறகு, "மேட்டால வேண்டாம். ஆத்தோரத்தாலயே சுத்திப் போவம்" என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மாவிடம் மாமா நின்ற நிலையிலேயே சொன்னார்:

"அக்கா, அங்கயிருந்து அவ போன் எடுத்தவ. இவன்தான் கதைச்சவன்."

அம்மா என்னைச் சேறோடும் சங்கிலி எண்ணெயோடும் கட்டிப்பிடித்துக் கத்தி அழுதா. பின்னேரம் வீடு நிறையச் சனம். பந்தயக் கதை சொன்ன அன்ரியும் வந்து என் தலையைத் தடவினா. நான் கதையை எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. மூன்றாம் தரத்துக் கதையில் மாமி என்னைச் சுகம் கேட்டா. ஐந்தாம் தரம், கவனமாய்ப் படிக்கச் சொன்னா. நான் பயந்து ஓடியது மட்டும் எந்தத் தரத்திலும் வரவில்லை. மாமா மூலையில் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார், ஒரு இடத்திலும் திருத்தவில்லை.

அடுத்த நாட்களில் போர் முடிந்தது என்றார்கள். எங்களைச் சுற்றி வீட்டுக்கு வீடு ஒப்பாரி. எங்கள் வீட்டில் மட்டும் அம்மா, "அவ தப்பீட்டா. முகாமுக்குள்ள இருப்பா" என்று சமைத்தா. மலிவு விற்பனையில் ஒரு குளிர் ஜாக்கெட் வாங்கி வைத்தா. மாமா, பெண்கள் ஓடும் பழைய நீலச் சைக்கிள் ஒன்றை, முன்னால் கூடையோடு, வாங்கி வந்து கழுவி எண்ணெய் விட்டார். கோடை முழுவதும் வீட்டில் மாமியைப் பற்றித்தான் பேச்சு: இந்தக் குளிர் தாங்குவாவோ, டெனிஷ் பிடிபடுமோ, சைக்கிள் ஓடத் தெரியுமோ.

இலை கொட்டும் காலத்தில், முகாமிலிருந்து வெளியே வந்த ஒருவர் லண்டனிலிருந்து போன் எடுத்தார். மாமியைத் தன் கையாலேயே புதைத்ததாகச் சொன்னார். அவர் சொன்ன நாளைக் கணக்குப் பார்த்தோம். நான் மேட்டில் போனை எடுப்பதற்கு நான்கு நாள் முன்னம்.

எல்லாரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

அதன்பிறகு அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கையில் நூல் கட்டுவித்தா. நான் மூன்று வருடம் போன் எடுக்கவில்லை. மணி அடித்தால் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவேன். என்னளவு சுத்தமான பையன் அந்த வகுப்பில் இல்லை.

பல வருடம் கழித்து, தலைமயிர் பின்வாங்கி வயிறு முன்னேறிய பிறகு, ரொறன்ரோ மச்சானோடு இணையத்தில் கதைத்துக்கொண்டிருந்தேன். லைன் சரியில்லை. "அலோ" என்றேன். ஒரு கணம் பிந்தி, தூரத்திலிருந்து "அலோ" என்று வந்தது. என்னுடைய குரல். மேட்டில் நின்ற அன்றைக்கு எனக்குக் குரல் உடையாத வயது.

விழுந்து விழுந்து சிரித்தேன். மச்சான் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

மாமா வருடக்கணக்காகக் கார்ட் சுரண்டிக் கதைத்தவர். தன் குரல் திரும்பி வரும், அது ஓயும்வரை நிறுத்தித்தான் அடுத்த சொல் சொல்வார். பாலத்தடியில் நான் சொன்ன உடனேயே அவருக்கு விளங்கியிருக்கும். அந்த இரைச்சலுக்கு அங்கால் யாரோ ஒருவர், லைன் கிடைக்கக் காத்து நின்று, மாமியைப் பற்றி எதையோ சொல்லத்தான் போன் எடுத்தார் என்பதும். அந்தச் சொல் எட்டாத இடம் தேடித்தானே அவர் ஞாயிறு தோறும் பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கினார். மேடுகள் அவருக்கு ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்குப் போகும் வழி மட்டும்தான்.

அந்த நீலச் சைக்கிள் இன்னும் அவர் வீட்டுக் கொட்டிலில் நிற்கிறது. டயர்களில் காற்று இருக்கிறது. நான் ஒருநாளும் அதைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை.

அந்த மேட்டில் நான் இன்னும் ஒரு நிமிடம் தைரியமாக நின்றிருந்தால், எங்களுக்கு மாமி அன்றைக்கே செத்துப்போயிருப்பா.