பெல்ட்டுக்குப் பக்கத்து பிளக்

பெல்ட்டில் சிக்கி ஒரு விரல் போனதிலிருந்து, அந்த மெக்கானிக் ஓடுகிற என்ஜினுக்குள் கைவிட்டதே இல்லை. அன்று தங்கை ஓட்டிவந்த கார் குலுங்கித் திணறியது. பெட்ரோலைப் பற்றவைக்கும் நான்கு பிளக்குகளில் எது கெட்டிருக்கிறது என்று பார்க்க, என்ஜினை ஓடவிட்டு அவற்றின் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ, அதுதான் கெட்டது. அவர் என்ஜினைப் பார்த்துவிட்டு, சீட்டில் இருந்த தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

“சாவியிலேயே கை வச்சிருக்கேண்ணே. குரல் கொடுத்தா அணைச்சிடுவேன்,” என்றாள்.

ரப்பர் பிடி போட்ட குறடால் மூன்று ஒயர்களைக் கழற்றி மாட்டினார். ஒவ்வொரு முறையும் திணறல் கூடியது. மிஞ்சியது பெல்ட்டை ஒட்டியிருந்த நான்காவது. வியர்வை கண்ணில் இறங்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். சத்தம் மாறவே இல்லை.

“இதுதான்! அணைம்மா!”

புது பிளக் போட்டதும் என்ஜின் சீராக ஓடியது.

“பயம் போச்சாண்ணே?”

“எங்க போச்சு? கால் இன்னும் நடுங்குது பாரு,” என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.