பெரியவன் இருக்கும் நிலம்

மலேசியாவில் ஈப்போவுக்கு வந்த முதல் வருடம், தீபாவளிக்கு முந்தின நாள் ஆபீசில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. எல்லாரும் பலகாரம் சுடப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். பக்கத்து மேசை குணா பையை மாட்டிக்கொண்டு, "அண்ணனப் பாத்துட்டு வாரேண்ணே" என்றான். ஊரிலிருந்து வந்த அல்வா என்னிடம் இருந்தது. "அண்ணனுக்குக் கொடுங்க" என்று ஒரு டப்பாவை நீட்டினேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டான். பிறகுதான் தெரிந்தது, இங்கே தமிழர்கள் பண்டிகைக்கு முன்னால் இடுகாட்டுக்குப் போய்ப் படையல் வைத்து, இறந்தவர்களையும் வீட்டுக்கு அழைத்துவிட்டு வருவார்களாம். என் திருநெல்வேலி அல்வா சிம்பாங் பூலாய் பக்கம் ஏதோ ஒரு செடிக்கு முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் ஊரில் நல்ல நாளும் அதுவுமாக இடுகாட்டுப் பேச்சை எடுத்தால் அம்மா வாயிலேயே போடுவாள்.

என் வேலை என்னவென்று ஊரில் கேட்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடிந்ததே இல்லை. நிலம் வாங்கி வீடு கட்டுகிற கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்துதரும் சின்ன நிறுவனம் எங்களுடையது. முன்பெல்லாம் மனிதர்கள் அதை இயக்கினார்கள். இப்போது ஏஐ ஏஜென்ட் ஒன்று மென்பொருளின் ஒவ்வொரு கருவியையும் தானே எடுத்துப் பயன்படுத்தி, அறிக்கையும் எழுதிவிடுகிறது. எந்தக் கருவி என்ன செய்யும், அது தரும் பதிலுக்கு என்ன பொருள் என்று அந்த ஏஜென்ட்டுக்கு எழுதிவைப்பவன் நான். மனித வாசகர் என்றால் நான் விட்டதை அவரே ஊகித்துக்கொள்வார். இந்த வாசகருக்கு நான் எழுதியதுதான் உலகம். புது ஊரில் வந்து இறங்கியவனின் கதிதான் அதற்கும். அதனால் அதன்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு; பயமும் உண்டு.

போன மாதம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்து நிலம் எங்களிடம் வந்தது. கல்லறைகளைத் தேடும் கருவி ஒன்று இருக்கிறது. எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் அதற்கு ஒரே வரி எழுதியிருந்தார்: 'இந்த நிலத்தில் உள்ள கல்லறைகளைத் தரும்.' ஏஜென்ட் நில எண்ணைக் கொடுத்தது. வெறும் பட்டியல் வந்தது. உடனே அறிக்கையில் எழுதிவிட்டது: 'இங்கே கல்லறைகள் இல்லை. மண்வேலையைத் தொடங்கலாம்.' என் தோளுக்குப் பின்னால் நின்று படித்த குணாவின் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, எங்க அண்ணன் அங்கதான் இருக்காரு."

அவன் பிறக்கும் முன்பே போன குழந்தை. தோட்டத்தில் குழந்தை இறந்தால் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் புதைத்து, தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடி நட்டுவிடுவார்கள். அதைப் போய் எந்த ஆபீசிலும் யாரும் பதிந்ததில்லை. அறிக்கை அன்று மாலை போக வேண்டும். போய்விட்டால் அடுத்த வாரம் இயந்திரம் இறங்கிவிடும்.

மானேஜர் சீனர், நல்ல மனிதர். "பட்டியல் காலி என்றால் நிலமும் காலிதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். யாரும் எழுதிவைக்கவில்லை என்பதும் யாரும் இல்லை என்பதும் வேறு வேறு என்றேன். அவருக்கு அது விளங்கியதா, குணாவின் முகம் விளங்கியதா தெரியாது. "ஓகேலா, திருத்து" என்றார். உட்கார்ந்து எழுதினேன்: 'பதிவான கல்லறைகளை மட்டும் தரும். பட்டியல் வெறுமையாக வந்தால் பதிவு இல்லை என்றே பொருள். கல்லறை இல்லை என்று கொள்ளாதே. பழைய தோட்ட நிலமானால், நேரில் பார்த்தவர்கள் சொல்லும்வரை மேலே போகாதே.' மறுபடி ஓட்டினோம். இந்த முறை ஏஜென்ட் கேட்டது: 'பதிவு எதுவும் இல்லை. அங்கே யாராவது போய்ப் பார்த்தார்களா?' அறிக்கை அந்தக் கேள்வியோடு போனது. நிலம் வாங்கியவர்கள் வேலையை நிறுத்திவைத்து, இடங்களைக் குறித்துக் கொடுக்கச் சொன்னார்கள். குறித்த இடங்களில் வேலி போட்டுவிடுவார்களாம்.

சனிக்கிழமை குணாவோடும் அவன் அம்மா பாக்கியத்தோடும் போனேன். ரப்பர் போய்ச் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை வந்து, அதுவும் காய்ந்து நின்றது. நடுநடுவே சிவப்பும் மஞ்சளுமாகக் குரோட்டன் செடிகள். ஏதோ காட்டுச்செடி என்று விறுவிறுவென நடந்தவன், ஒவ்வொன்றும் ஓர் ஆள் என்று உறைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பாக்கியம்மா தயங்காமல் ஒரு செடிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். குணா கைபேசியில் இடத்தைக் குறித்தான். அது பெயர் கேட்டது.

"பேரு வைக்கிறதுக்குள்ள போயிட்டான்லா. பெரியவன்னு போடு."

கொண்டுவந்த பாலைச் செடியடியில் ஊற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒங்க அப்பாவ எங்க தம்பி வச்சிருக்கீங்க?"

"எரிச்சிட்டாங்கம்மா. ஆத்துல கரைச்சாச்சு. என்னால போக முடியல."

விசா சிக்கலில் மாட்டி, அப்பாவின் சிதையைக் கைபேசியில் பார்த்தவன் நான். பாக்கியம்மா பெரியவனுக்குப் பக்கத்தில் விரலால் சின்னக் குழி பறித்தார். "அப்பா பேரச் சொல்லுங்க." சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மிச்சப் பாலை அந்தக் குழியில் ஊற்றி, "சுடலமுத்தண்ணே, பசியாறிக்கிங்க" என்றார். திருச்செந்தூரில் முழங்காலளவுக்கு மேல் கடலில் இறங்காதவர் என் அப்பா; கடல் தாண்டி இங்கே வந்துவிட்டார்.

குணா ஒரு குரோட்டன் கிளையை ஒடித்து அங்கே நட்டான். கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தான்.

"இதையும் பதியவாண்ணே?"

கீழே யாரும் இல்லை. எனக்குத் தெரியாதா?

"பதி" என்றேன்.