மாமாவின் முதுகுக்காக வாங்கிய பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை தாத்தா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது, சாம்பல் நிற ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை நீங்கள் இரண்டு பேரும் கீழே இறக்கினீர்கள். சின்னவன் அதை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டி, உள்ளே ஒன்றுமே இல்லையா அப்பா என்று கேட்டான். நான் பதில் சொல்லாமல் பிடுங்கி மேலே வைத்துவிட்டேன். உங்களுக்குக் கோபம் வந்தது எனக்குத் தெரியும். பதிலை எழுதித்தான் சொல்ல முடியும் போலிருக்கிறது. வாயால் சொன்னால் தாத்தா காதில் விழும்.

ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த காலம் அது. எனக்கு ஒன்பது வயது. உங்கள் தாத்தாவை இங்கே அப்பா என்றே எழுதுகிறேன், அப்போது அவர் எனக்கு அப்பா மட்டும்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். கூட வேலை செய்கிற ஐந்து பேரைச் சேர்த்து ஒரு மெல்லிசைக் குழு நடத்தினார். கோயில் விழா, கல்யாண வரவேற்பு, காலனிப் பொங்கல் என்று அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் கூப்பிடுவார்கள். அப்பாதான் தலைவர், அவர்தான் முக்கியப் பாடகர். கண்ணை மூடிக்கொண்டு மெதுவான பாட்டாகத் தேர்ந்தெடுத்துப் பாடுவார்.

குழுவுக்கு இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் இருந்தன. நிமிர்த்தி வைத்தால் என் தோள் உயரம் வரும். ஐந்து பேரும் சேர்ந்து பிடித்தாலும் ஒன்றை மேடையில் ஏற்ற மூச்சு வாங்கும். அதைத் தனி ஆளாகத் தலையில் வைத்துக்கொண்டு படியேறுகிறவர் ஒருவர்தான். அவர் என் மாமா, அம்மாவின் தம்பி. மண்ணூர்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிற வேலை. கச்சேரி நாளில் யாரிடமாவது மூன்று சக்கர மீன்பாடி வண்டி கேட்டு வாங்கி, பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மிதிப்பார். மற்றவர்கள் பஸ்ஸில் வருவார்கள். நான் மட்டும் பெட்டிமேல் உட்கார்ந்து வருவேன். வழியெல்லாம் பாடிக்கொண்டே மிதிப்பார். மேட்டில் மட்டும் பாட்டு நிற்கும்.

இந்தச் சுமைக்கு மாமாவுக்கு ஒரு பாட்டு. யாரும் எழுதி வைத்த விதி இல்லை, குழு தொடங்கிய நாளிலிருந்து வந்த வழக்கம். இடைவேளை முடிந்ததும் முதல் பாட்டு அவருடையது. அதற்கென்று பளபளவென்று ஒரு நீலச் சட்டை வைத்திருந்தார். தலைப்பாரம் சுமந்த வேர்வையைத் துண்டால் துடைத்துவிட்டு, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடிப்பார். கரகரத்த குரல். சுருதி அப்படி இப்படி இருக்கும். ஆனால் டீக்கடைக்குப் போன கூட்டம் திரும்பி ஓடி வரும். "பொட்டி அண்ணாத்தே" என்று அவருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

ஐயப்பன்தாங்கலில் பஸ் டிப்போ பக்கம் ஒரு கச்சேரி. அப்பா கண்ணை மூடிப் பாட ஆரம்பித்த நேரம், முன்வரிசையில் ஒருத்தர் எழுந்து, "சார், நீ அப்பால தூங்கலாம், பொட்டி அண்ணாத்தய இன்னொரு தபா பாடச் சொல்லு," என்றார். கூட்டம் மொத்தமும் சிரித்தது. அப்பாவும் சிரித்துக்கொண்டே மைக்கை மாமாவிடம் கொடுத்தார். நானும் கை தட்டினேன்.

அந்த வாரத்திலிருந்து அப்பாவுக்கு மாமாவின் முதுகைப் பற்றிக் கவலை வந்தது.

சாப்பிடும்போது சொல்வார், தூங்கப் போகும்போது சொல்வார். இவ்வளவு கனம் தூக்கினால் நாற்பது வயதில் கூன் விழுந்துவிடும், பொண்ணு கொடுக்க யார் வருவார்கள் என்பார். லேசான செட்டு இப்போது நிறைய வந்துவிட்டதாம், இரண்டு பேர் பஸ்ஸிலேயே கொண்டு போய்விடலாமாம். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பிமேல் இவ்வளவு அக்கறையா என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்காவிடமெல்லாம் சொல்லி வைத்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை அப்பா, மாமா, நான் மூன்று பேரும் ஸ்பீக்கர் வாங்க ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போனோம். கனம் பார்க்க மாமா வேண்டும் என்று அப்பாவே கூப்பிட்டார். கடைக்காரர் இரண்டு ஜோடிப் பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று நடுத்தரம், பழைய பெட்டியில் பாதிக் கனம் இருக்கும். இன்னொன்று இந்தச் சாம்பல் நிறப் பெட்டி, மெல்லிய பலகை, உள்ளே சின்னக் காந்தம். இரண்டிலும் ஒரே கேசட்டைப் போட்டுக் காட்டினார்.

மாமா கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார். நடுத்தரப் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். என் கையையும் எடுத்து அதன்மேல் வைத்தார். கை அதிர்ந்தது.

"இத்த வாங்கு மாமா. வயித்துக்குள்ள பூந்து அடிக்குது பாரு. அது தகர டப்பாவாட்டம் கீது. கடைசி வரிசைக்குப் போவாது," என்றார் அப்பாவிடம்.

"கனமா இருக்கு மாப்ள. உன் முதுகு என்னத்துக்கு ஆகும்?"

"முதுகு எனுது. அத்த நான் பாத்துக்கறேன். நீ சத்தத்தப் பாரு."

கடைக்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, இங்க வா. இத நீ தூக்கு, பாப்போம்."

என்னைக் கடைக்குக் கூட்டிப்போனதே அதற்காகத்தான் என்பது போல எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சாம்பல் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். சுலபமாக வந்தது. நான்கு அடி நடந்தேன். பிறகு வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக் காட்டினேன்.

"கீழ வைடா," என்றார் மாமா.

போட்டுவிடுவேன் என்று பயப்படுகிறார் என நினைத்தேன். பயமில்லை என்று காட்ட இன்னும் மேலே தூக்கினேன்.

"வைடான்றேன்."

அதற்குள் அப்பா சொல்லிவிட்டார். "சின்னப் பய தூக்குதான், பிறகென்ன? இதையே கட்டிக் குடுங்க."

திரும்பி வருகிற ரயிலில் ஆளுக்கு ஒரு பெட்டி என்று அப்பாவும் நானும்தான் மடியில் வைத்துக்கொண்டோம். மாமா வாசலில் நின்றுகொண்டு வந்தார். கொடுடா நான் வச்சிக்கிறேன் என்று ஒரு தடவை கேட்டார். நான் தரவில்லை.

அடுத்த கச்சேரி முகப்பேரில், வீட்டு வசதி வாரியக் காலனி விழா. மாமா நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, குழு அரைமணி முன்னாலேயே பஸ் ஏறியிருந்தது. எனக்குக் கொண்டாட்டம்தான், சைக்கிளில் என்னை முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். போய்ச் சேர்ந்தபோது மேடையில் எல்லாம் கட்டி முடிந்திருந்தது. தூக்க எதுவும் இல்லை. மாமா மேடைப்படி வரைக்கும் போனார். அப்பா ஒயரை நேர்ப்படுத்திக்கொண்டே, "வா மாப்ள, கூட்டத்துல நல்ல இடமாப் பாத்து உக்காரு," என்றார்.  மாமா படியிலிருந்து திரும்பினார். நாங்கள் போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றோம்.

மாமா சொன்னது சரிதான், அங்கே சத்தம் வரவில்லை. "இன்னாபா, ரேடியோ எதுனா பாடுதா?" என்று பக்கத்தில் ஒருத்தர் கேட்டார். இடைவேளை முடிந்தது. முதல் பாட்டுக்கு வேறு ஒருவர் எழுந்தார். உடனே முன்னால் பையன்கள், பொட்டி அண்ணாத்தே எங்கே என்று கூச்சல் போட்டார்கள். அப்பா மைக்கை வாங்கினார்.

"அவருக்கு முதுகு வலி. இன்னைக்கு வரல."

நான் அண்ணாந்து பார்த்தேன். மாமா நீலச் சட்டையோடு என் பக்கத்தில்தான் நின்றார். இங்கே இருக்கிறார் என்று கத்த வாயைத் திறந்தேன். அவர் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார்.

"வலிதான்டா," என்றார். "வா, ஊட்டுக்குப் போலாம்."

வீட்டில் அம்மா எங்களைப் பார்த்ததும், ஏன் அதற்குள் வந்துவிட்டீர்கள் என்று கேட்டாள். மாமாவுக்கு முதுகு வலியாம், அப்பா மைக்கில் சொன்னார் என்றேன். அம்மா தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். நான் தைல பாட்டிலை எடுத்து வந்தேன். மாமாவைச் சட்டையைக் கழற்றச் சொல்லிக் குப்புறப் படுக்க வைத்தேன்.

"எங்க மாமா வலிக்குது?"

"அங்கதான்டா. தேய்."

தோளில் கை வைத்துக் கேட்டேன், இடுப்பில் வைத்துக் கேட்டேன். எங்கே கை வைத்தாலும் அங்கதான் என்றார். உள்ளங்கை எரிகிற வரைக்கும் தேய்த்தேன். முகத்தைப் பாயில் புதைத்துக்கொண்டு அவர் அசையாமல் கிடந்தார். அவ்வளவு பெரிய பெட்டிகளைத் தூக்கினால் வலிக்காமல் என்ன செய்யும், நல்லவேளை அப்பா லேசான பெட்டி வாங்கினார் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் எழுந்ததும், சரியாகிவிட்டதா என்று கேட்டேன். "ஆயிட்சுடா," என்றார் மாமா. அப்படியானால் அடுத்த கச்சேரியில் அவர் பாடுவார் என்று நான் அந்த நீலச் சட்டையை எடுத்து மடித்து வைத்தேன்.