அண்ணன் மூடிய ரயில்வே கேட்

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, விண்ணப்பம் கிடைத்த முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் காலவரம்பு உண்டு. மாநில அரசுச் செயலகத்தில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். அண்ணனின் முதலாண்டு நினைவு மலரில் இந்தச் சட்டம் எதற்கு என்று உறவினர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

அண்ணன் பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில். வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். சுரங்கத் தூசி அப்பாவின் நெஞ்சைத் தின்று தீர்த்தபோது அண்ணன் பத்தாம் வகுப்பு தேறியிருந்தார். நான் ஏழாம் வகுப்பு. வீட்டில் ஒருவர்தான் மேலே படிக்க முடியும் என்ற நிலை. அவர் யாரையும் கேட்காமல் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நான் பட்டம் பெற்றேன்.

இதற்கு ஈடாக என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அவருடைய வாழ்நாள் விண்ணப்பங்கள் அனைத்தையும் நானே எழுதினேன். ரேஷன் அட்டை, பி.எஃப்., பெண்ணின் கல்லூரிச் சேர்க்கை, எல்லாம். நான் காட்டிய இடத்தில் அண்ணன் கையெழுத்துப் போடுவார். படித்துப் பார்க்கச் சொன்னால், "நீ எழுதினதுதானேடா" என்பார்.

அப்பா இருந்த காலத்தில் பங்காருப்பேட்டையிலிருந்து கோலாருக்கு எங்களை ஒருமுறை சின்ன ரயிலில் கூட்டிப்போனார். நேரோகேஜ் என்னும் குறுகிய பாதை. வழியில் அண்ணனின் தொப்பி பறந்தது. அப்பா இறங்கி, அதை எடுத்துக்கொண்டு, நடந்தே வந்து அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார். அந்தப் பாதை பின்னாளில் அகலப்பாதையாகிவிட்டது. அண்ணன் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே, நாட்டில் மிச்சமிருக்கும் சின்ன ரயில்களைத் தேடிப் புறப்பட்டார்.

மலை ரயில்கள் அவருக்குப் பிடிக்காது. அவை டூரிஸ்டுகளுக்காக ஓடுபவை என்பார். பால் கேனும் ஆட்டுக்குட்டியும் ஏறுகிற, பருத்திக் காட்டுக்கு நடுவே மாட்டு வண்டியோடு போட்டி போட்டுத் தோற்கிற கிளைப்பாதை ரயில்தான் வேண்டும். அவற்றில் சிலவற்றில் லெவல் கிராசிங்குகளுக்குக் காவலாள் கிடையாது. ரயிலிலேயே வரும் ஊழியர் இறங்கிக் கேட்டை மூடுவார். வண்டி கடந்ததும் திறந்துவிட்டு, காத்திருக்கும் வண்டியில் ஏறிக்கொள்வார். அண்ணனும் இறங்கி அவருக்குக் கை கொடுப்பாராம். பயணி ரயில்வே கேட்டைத் தொடுவது விதிமீறல் என்று எடுத்துச் சொன்னேன்.

"அதுக்கு எந்த ஃபாரம் நிரப்பணும், சொல்லு. நீயே எழுதிக் குடு" என்றார்.

கடைசியில் அவர் ஏறாத பாதை ஒன்றே ஒன்று மீந்தது. குஜராத்தில் ஒரு கிளைப்பாதை. பெயர் வேண்டாம், அங்குள்ள ரயில்வே அலுவலகத்தார் பாவம். அதை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. ஓடுகிறது என்றது இணையம், இல்லை என்றார் தொலைபேசியில் ஒருவர். அதற்குள் அண்ணனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ரயில் வராத ஊரில், வெயிலில், அவர் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எழுத்துப்பூர்வமான பதில் வரும்வரை போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மூன்று கேள்விகளோடு விண்ணப்பம் எழுதினேன்; காட்டிய இடத்தில் அண்ணன் கையெழுத்திட்டார்.

முப்பது நாள் போயிற்று. நினைவூட்டல் அனுப்பினேன். மேல்முறையீடு செய்தேன். பிறகு இரண்டாம் மேல்முறையீடு. ஒவ்வொரு ஞாயிறும் பொம்மனஹள்ளியில் அவர் வீட்டுக்குப் போனால் முதல் கேள்வி, "பதில் வந்துச்சா?" நடுவில் பூனாவில் இருக்கும் மகளைப் பார்க்க அண்ணியோடு பத்து நாள் போய்வந்தார். திரும்பி வந்த ஞாயிறும் அதே கேள்விதான்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில், காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழவில்லை.

மூன்றாம் நாள், ஒரு காகிதத்துக்காக அவரைக் காக்க வைத்து அனுப்பிவிட்டேனே என்று அண்ணியிடம் சொல்லி அழுதேன். அண்ணி உள்ளே போய்த் தன் கைபேசியை எடுத்துவந்தார்.

"தம்பி, அழாதீங்க. அந்த ரயில்ல அவர் ஏறிட்டார். பூனாவுலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் குஜராத் போனோம்."

இந்த மலரின் நான்காம் பக்கத்தில் இருப்பது அண்ணி அன்று காட்டிய படம்தான். அண்ணன் நீலச் சட்டையில் ரயில்வே கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எதிரே ஒரு டிராக்டரும் மூன்று எருமைகளும் அவருடைய உத்தரவுக்குக் காத்திருக்கின்றன.

எனக்கு முதலில் வந்தது கோபம். கோப்பு நிலுவையில் இருக்கும்போது நடவடிக்கை எடுப்பது முறைகேடு. போனதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லலாம்னுதான் நான் சொன்னேன். 'வேணாம், எனக்காக அவன் அவ்ளோ ஆசையா லெட்டர் போட்டுட்டிருக்கான், போடட்டும்'னுட்டார்."

அண்ணனை மருத்துவமனைக்குத் தன் ஆட்டோவில் கொண்டு சென்ற எதிர்வீட்டுக்காரருக்கும், தோள் கொடுத்த பட்டறைத் தோழர்களுக்கும், தங்கவயலிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

குஜராத் அலுவலகத்துக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பதிவுத் தபாலில் மூன்று கேள்விகளுக்கும் வரிசையாகப் பதில் அனுப்பியிருந்தார்கள். ரயில் ஓடுகிறது. முன் அனுமதி தேவையில்லை. நிலையத்துக்கு நேரில் சென்று சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அந்தத் தபால் வந்தபோது பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கடிதத்தை அண்ணனின் படத்துக்கு முன் வைத்து, "வந்துடுச்சுண்ணா" என்றேன். அன்று அவருடைய பதினாறாம் நாள்.