நாலு ஊருக்கும் ஒரே பட்டியல்

சுந்தர்சிங்கைப் போல வேலையில் சுத்தமான மனுஷனைத் தாம்பரம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. அப்பேர்ப்பட்டவர்தான் பெற்ற மகளின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டார்.

அவர் இருந்தது ஒரு கிறிஸ்தவத் திருமணத் தகவல் மையத்தில். முன்பெல்லாம் கோவளம் கிளையில் யாராவது வரன் கேட்டால், தாம்பரத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பத்து நாள் காத்துக்கிடக்க வேண்டும். தொண்ணூற்று மூன்றில் நாலு ஊரிலும் கம்ப்யூட்டர் வைத்து, ஒரே பட்டியலை நாலிலும் ஏற்றினார்கள். கேட்ட நிமிஷமே பதில். தாம்பரத்தில் செய்த திருத்தங்களை வாராவாரம் ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு சேலையூர், காட்டாங்குளத்தூர், கோவளம் என்று பஸ் ஏறி இறங்கிச் சேர்ப்பது சுந்தர்சிங்கின் பொறுப்பு.

அந்தப் பட்டியலில் அவர் மகள் தபீதாளும் இருந்தாள். முப்பதை எட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூட டீச்சர். ஒருவழியாக அவளுக்கு நிச்சயமானதும், பெயருக்கு எதிரே ‘முடிந்தது’ என்று போட்டு, மூன்று கிளைக்கும் லட்டோடு போனார். இரண்டே மாதத்தில் மாப்பிள்ளை வீட்டார் காரணம்கூடச் சொல்லாமல் கழன்றுகொண்டார்கள்.

தாம்பரத்தில் அந்தச் சொல்லை அழித்தார். கிளைகளுக்குப் போகும் ஃபிளாப்பியில் அந்த ஒரு திருத்தத்தை மட்டும் விட்டுவிட்டார். லட்டு தின்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பதாம்! அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே ஏழு மாதம் ஓடிப்போனது. ஊரார் பெண்களுக்கு ஒரு நாள்கூடப் பிசகாதவர், தன் பெண் விஷயத்தில் மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். என்ன மனுஷனோ!

ஒரு சனிக்கிழமை கோவளம் கிளையைப் பார்த்துக்கொள்ளும் ஞானஜோதி அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா சார், பொண்ணு கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகையே வைக்கல? போன மாசம் ஒரு வாத்தியார் வீட்ல தபீதாளையே பேர் சொல்லிக் கேட்டு வந்தாங்க. சர்ச்ல அவ பாடுறதைப் பையன் பார்த்தானாம். கம்ப்யூட்டரைத் தட்டினேன், ‘முடிந்தது’ன்னு உடனே வந்துடுச்சு. அனுப்பிட்டேன்.”

“அந்தப் பையன் இப்ப?”

“அவனுக்கு வேற எடத்துல முடிஞ்சிடுச்சு சார். நல்ல பையன்.”

சுந்தர்சிங் அப்படியே வெளியே வந்தார். எந்த பஸ்ஸில் ஏறினார், எப்படிச் சேலையூர் வந்து வீடு சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. தபீதாள் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

“இந்த வாரமும் யாரும் கேக்கலையாப்பா?”

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார் பாவி.

“இல்லம்மா.”

“விடுங்கப்பா. எங்கிட்டதான் ஏதோ குறை இருக்கு போல.”